லினக்ஸுக்குள் ஒரு பேட்ச் போகும் வழி

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். அதில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட நிரல்வரிகள் இருக்கின்றன. அதில் ஒரு வரி தப்பு என்று உங்கள் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களை அங்கே ஒருவருக்கும் தெரியாது. இருந்தும், நீங்கள் திருத்திய வரி சில மாதங்களில் உலகெங்கும் சர்வர்களிலும் ஆண்ட்ராய்டு ஃபோன்களிலும் ஓடக்கூடும். முன்பின் தெரியாதவர் கொடுத்ததை எப்படி நம்பி வாங்கிக்கொள்கிறார்கள்?

முதலில், நீங்கள் அனுப்புவது முழுக் கோப்பு இல்லை, மாறிய இடம் மட்டும்தான். கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டு மாதிரி இருப்பதால் அதற்குப் பெயர் பேட்ச். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் 'டிஃப்' என்ற கருவியிடம் கொடுத்தால், நீக்க வேண்டிய வரிக்கு முன்னால் கழித்தல் குறியும் சேர்க்க வேண்டிய வரிக்கு முன்னால் கூட்டல் குறியும் போட்டுத் தரும். ஆனால் அதன் சாமர்த்தியம் மாறாத வரிகளில் இருக்கிறது. மாற்றத்துக்கு மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி என்று அப்படியே சேர்த்துக் கொடுக்கும். காரணம் உண்டு. நீங்கள் 120ஆம் வரியைத் திருத்தி அனுப்புகிறீர்கள். அது போய்ச் சேர்வதற்குள் வேறொருவர் அதே கோப்பின் தொடக்கத்தில் 15 வரி சேர்த்துவிட்டார். உங்கள் வரி இப்போது 135இல் இருக்கிறது. எண்ணை மட்டும் நம்பினால் ஒட்டு தவறான இடத்தில் விழும். கதவு எண் மாறிப்போன தெருவில் 'பிள்ளையார் கோயிலுக்கு எதிர் வீடு, பக்கத்தில் டீக்கடை' என்று வழி கேட்டுப் போவோமே, அதேபோல அக்கம்பக்கத்து வரிகளை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். 1985இல் லாரி வால் எழுதிய 'பேட்ச்' நிரல் இந்த வேலையைத்தான் செய்தது. முகம் தெரியாத பலர் ஒரே கோப்பில் ஒரே சமயத்தில் வேலை செய்ய முடிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்புறம், பேட்ச்சோடு ஒரு விளக்கம் போக வேண்டும். என்ன மாற்றினீர்கள் என்பது கூட்டல் கழித்தலிலேயே தெரிந்துவிடும். ஏன் மாற்றினீர்கள் என்பதைத்தான் எழுத வேண்டும். ஒரு பேட்ச்சில் ஒரு மாற்றம்தான் இருக்கலாம். வேறொரு சிறிய திட்டத்துக்கு நான் முதன்முதலில் அனுப்பியதில் பிழைத்திருத்தம், பெயர் மாற்றம், வரிகளை ஒழுங்குபடுத்தியது என மூன்றும் கலந்திருந்தன. மூன்றாகப் பிரித்து அனுப்பச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். பிரித்த பிறகுதான் புரிந்தது. நாளை அந்தத் திருத்தம் வேறெதையோ கெடுத்தால் அதை மட்டும் உருவி எடுத்துவிடலாம், மற்ற இரண்டும் அப்படியே இருக்கும்.

கெர்னலுக்கு இன்றும் பேட்ச்கள் மின்னஞ்சலில்தான் போகின்றன. எந்தப் பகுதிக்கு யார் பராமரிப்பாளர் என்ற பட்டியல் நிரலோடு கூடவே இருக்கிறது. அவர் படித்து, கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, திருப்தியானால் தன் களஞ்சியத்தில், அதாவது நிரலையும் அதன் மாற்றங்களையும் சேமித்து வைக்கும் இடத்தில், சேர்ப்பார். விளக்கத்தின் அடியில் உங்கள் பெயரில் ஒரு வரி இருக்கும்: இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி. 2004இல் வந்த வழக்கம் இது. பேட்ச்சைக் கைமாற்றுகிற ஒவ்வொருவரும் அதன் கீழே தன் பெயரைச் சேர்ப்பார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கீழுள்ள பராமரிப்பாளர்களை நம்புகிறார், அவர்கள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களை. ஒவ்வொரு வெளியீட்டின் தொடக்கத்திலும் இரண்டு வாரம் அவர் புதிய மாற்றங்களை வாங்கிக்கொள்வார். அதன்பின் ஏழெட்டு வாரம் பிழை நீக்கம் மட்டும்.

இந்தக் கைமாற்றத்தைத் தாண்டி யாராவது உள்ளே நுழைய முடியுமா? 2003 நவம்பரில் ஒருவர் முயன்றார். கெர்னலின் மூலக் களஞ்சியம் ஓரிடத்தில் இருந்தது. அதன் நகல் வேறொரு சர்வரில். அந்த நகலில் இரண்டு வரி மட்டும் புதிதாக முளைத்திருந்தது. பார்த்தால் சாதாரணச் சோதனை: பயனர் எண் பூஜ்ஜியமா? லினக்ஸில் பூஜ்ஜியம் என்றால் ரூட், அதாவது கணினியில் எல்லா அதிகாரமும் உள்ளவர். சி மொழியில் இப்படிக் கேட்க இரண்டு சமன்குறி வேண்டும். அங்கே ஒன்றுதான் இருந்தது. ஒரு சமன்குறி என்றால் கேள்வி இல்லை, கட்டளை: பயனர் எண்ணைப் பூஜ்ஜியமாக்கு! விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் கணினியைக் கைப்பற்றியிருக்கலாம். மூலத்தோடு நகலை ஒப்பிட்டபோது பொருந்தாமல் மாட்டிக்கொண்டது. அந்த வரிகள் மூலத்துக்குள் போகவே இல்லை.

2005 ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய 'கிட்' என்ற கருவி நிரலில் நடக்கும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும். அது இந்த ஒப்பீட்டை அமைப்பிலேயே வைத்துத் தைத்துவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 40 எழுத்துள்ள ஓர் அடையாளம். நிரல், விளக்கம், எழுதியவர் பெயர், முந்தைய மாற்றத்தின் அடையாளம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவது அது. பழைய மாற்றம் ஒன்றில் ஓர் எழுத்தைத் தொட்டாலும் அதன் அடையாளம் மாறும். அதையடுத்து வந்த அத்தனை அடையாளங்களும் மாறும். களஞ்சியத்தின் முழு நகல் ஆயிரக்கணக்கான பேரின் கணினியில் இருக்கும்போது அதை மறைக்க வழியில்லை.

அதே சங்கிலியில்தான் உங்கள் வரியும் போய்ச் சேர்கிறது. பல வருடம் கழித்து அந்த இடத்தில் வேறொரு பிழையைத் தேடி வருபவர் 'கிட் பிளேம்' என்று அடித்தால், வரிக்குப் பக்கத்தில் உங்கள் பெயரும் தேதியும் வரும். அந்த அடையாளத்தைப் பிடித்துப் போனால், ஏன் மாற்றினீர்கள் என்று அன்றைக்கு நீங்கள் எழுதிய நாலு வரி அவருக்காகக் காத்திருக்கும்.