கன்று கால் மடங்கிப் பிறந்தால் கைவிட்டுவிடாதீர்கள்

புதுச்சேரியை அடுத்த பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்தில் இருந்து போன் வரும். "டாக்டர், கன்னுக்குட்டி முன்னங்கால் மடங்கியே பொறந்திருக்கு, தேறுமா?" நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "சீம்பால் குடிச்சுதா?" என்பதுதான். கால் மடங்கிய கன்றால் எழுந்து நின்று மடியைத் தேட முடியாது. காலைப் பற்றியே கவலைப்பட்டு, சீம்பாலைக் கோட்டை விட்டால் கழிச்சலிலேயே கன்று போய்விடும். ஆகவே கறந்து பாட்டிலில் கொடுங்கள். 25 கிலோ கன்றுக்குச் சுமார் இரண்டரை லிட்டர். முதல் 2 மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும்.

சரி, இனி கால். ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் குளம்பை மெதுவாக முன்பக்கம் நீட்டிப் பாருங்கள். நீட்ட நீட்ட வருகிறதா? பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். குளம்பு நுனியிலாவது ஊன்றி நின்றால், வழுக்காத மண்தரையில் நடக்க விட்டாலே பல கன்றுகள் தேறிவிடும். கணுவில் மடங்கி முன்பக்கத் தோலில் நடந்தால் கட்டு வேண்டும். பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து, பஞ்சை தாராளமாகச் சுற்றி, காலின் பின்புறம் வைத்துக் கட்டுகிறோம். பஞ்சு குறைந்தால் குழாயின் விளிம்பு அழுத்திப் புண்ணாகும். அதனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்ட வேண்டும். நடுவில் குளம்புப் பக்கம் வீங்கினாலோ, சில்லிட்டாலோ, நாற்றம் வந்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். தசைநார் தளர ஊசியும் உண்டு. அளவு மீறினால் சிறுநீரகம் கெடும் என்பதால் கடையில் வாங்கி நீங்களே போடாதீர்கள்.

எவ்வளவு இழுத்தாலும் மூட்டு அசையவில்லை என்றால் கதை வேறு. சிலவற்றுக்குத் தசைநாரை வெட்டிவிடும் அறுவை சிகிச்சை பலன் தரும். மூட்டே இறுகிப்போனவை தேறுவது அரிது.

கிரகணம் பட்டதால்தான் கால் மடங்கியது என்று குறை சொல்ல வேண்டாம். கன்று பெரிதாகி வயிற்றுக்குள் இடம் போதாமல் போவது, பரம்பரை, சினைக்காலத்தில் வரும் சில வைரஸ் தொற்றுகள், இவை போன்றவைதான் காரணங்கள்.

இன்னொன்று: நன்றாகப் பிறந்த கன்று சில நாள் கழித்து நொண்டி, மூட்டு சூடாக வீங்கினால் அது பிறவிக் கோளாறு அல்ல. பெரும்பாலும் தொப்புள் வழியாக ஏறிய கிருமி. அதற்குக் கட்டுப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடலூர்ப் பக்கம் என்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழைக்கலாம். புதுச்சேரியில் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குட்டியானை வண்டியில் ஏற்றி வரும்போது வைக்கோலைத் தடிமனாகப் பரப்புங்கள். அப்புறம், தாயின் பாலையும் ஒரு பாட்டிலில் கறந்து கொண்டு வாருங்கள்.