கம்பியைக் கடிக்கும் ஹாம்ஸ்டர்

"டாக்டர், ராத்திரி முழுக்கக் கூண்டுக் கம்பியையே கடிக்குது. பல்லு வளருதுன்னு கடைக்காரர் சொன்னார்."

எலி போன்ற சின்னச் செல்லப் பிராணியான ஹாம்ஸ்டரின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்வது உண்மைதான். ஆனால் கடிக்க மரக்குச்சி கிடந்தும் கம்பியை விடவில்லை என்றால், எனக்குக் கூண்டின் மேல்தான் சந்தேகம் வரும்.

கோல்டன் ஹாம்ஸ்டருக்குப் பூர்வீகம் சிரியா. 1930இல் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டித் தாயையும் குட்டிகளையும் பிடித்தார்கள். இன்று வீடுகளில் வளர்பவை பெரும்பாலும் அந்த ஒரே குடும்பத்தின் வாரிசுகள். பகலெல்லாம் வளைக்குள் தூங்கி, இருட்டியதும் இரை தேடி ஓடும் பிராணி. அதை இரண்டு விரல் உயர மரத்தூளில் விட்டால் என்ன செய்யும்? 10, 40, 80 செ.மீ. ஆழத்தில் தூள் நிரப்பிச் சோதித்த ஆய்வு ஒன்றில், ஆழம் கூடியபோது கம்பி கடிப்பது குறைந்தது. 80 நம் வீட்டில் நடக்காது, சரி. 25 செ.மீ.யாவது போடுங்கள். சக்கரமும் பெரிதாக, சுமார் 28 செ.மீ. விட்டத்தில் வேண்டும். சின்னச் சக்கரத்தில் ஓடினால் முதுகு வளையும்.

"தனியா விட்டா ஏங்கிடும்" என்று ஜோடியாக விற்கிறார்களே, அதில்தான் எனக்குக் கோபம். வளர்ந்த கோல்டன் ஹாம்ஸ்டருக்குத் துணை என்பதே எதிரிதான். காது கிழிந்து, பின்புறம் கடிபட்டு வருபவற்றுக்குத் தையல் போட்டு அலுத்துவிட்டது. சண்டை வராவிட்டால் 16 நாளில் குட்டிகள் வரும்! குள்ள வகைகள் சில சேர்ந்து வாழும், அவற்றிலும் சண்டை வருவதுண்டு.

சென்னையில் இன்னொரு தொல்லை, மே மாதம். 30 டிகிரியைத் தாண்டினாலே ஹாம்ஸ்டர் தடுமாறும். கைகால் பரப்பித் துவண்டு கிடந்தால் குளிர்ந்த நீரில் முக்காதீர்கள். நிழலான, குளிர்ச்சியான அறைக்கு மாற்றி உடனே மருத்துவரிடம் கொண்டு வாருங்கள். கூண்டுக்குள் ஒரு சின்ன மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் அதன் மேல் படுத்துக்கொள்ளும். ஊட்டிக்காரர்களுக்குக் கவலை நேரெதிர்: கடுங்குளிரில் உடல் சில்லிட்டு அசையாமல் கிடக்கும். செத்துவிட்டதென்று புதைத்துவிடாதீர்கள், மெல்லச் சூடேற்றிப் பாருங்கள்.

அப்புறம், பகலில் எழுப்பித் தூக்கினால் கடிக்கத்தான் செய்யும். நம்மை நடு ராத்திரி யாராவது தூக்கினால்?

கம்பிப் புகாரோடு வந்தவர் பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறினார். மூன்று வாரம் கழித்து மறுபடி போன்.

"டாக்டர், இப்ப கடிக்கிறதில்ல. ஆனா சுரங்கத்த விட்டு வெளியவே வர மாட்டேங்குது."