அரணைக்குப் பயம், வண்டுக்கு அலட்சியம்

மாங்குளத்துப் பக்கம் ஒரு பழைய வீட்டுச் சுவரில், விரித்த கையளவில் ஒரு சிலந்தி அசையாமல் ஒட்டியிருந்தால் வீடே அமளிப்படும். சின்னதுகள் கத்தும். ஒருவர் தும்புத்தடியைத் தூக்குவார், இன்னொருவர் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேடுவார். அதே வீட்டில் அன்றிரவு மின்குமிழைச் சுற்றிவிட்டுக் கழுத்தில் வந்து இருக்கும் எறும்பளவு வண்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. விரலால் நசுக்கித் தேய்த்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். சுவரில் இருந்தது யாரையும் தீண்டாமலே செத்துப்போகும். கழுத்தில் நசுங்கியது இரண்டாம் நாள் ஆளை வெளிநோயாளர் பிரிவு வரிசையில் கொண்டுவந்து நிறுத்தும். வன்னியில் பூச்சிக்கடி என்று வருகிறவர்களில் பலருக்குப் பயம் ஓரிடத்திலும் ஆபத்து வேறோரிடத்திலும் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

அந்தப் பெரிய சிலந்தியை எங்கள் ஊர்களில் புலிமுகச் சிலந்தி என்பார்கள். 2009 ஒக்டோபரில் வடக்கில் ஊரவர் அடித்துக் கொன்ற ஆண் சிலந்தி ஒன்று ஆய்வாளரின் கைக்குப் போனது. அதன்பின் தேடியபோது மாங்குளத்தின் மரங்களிலும், அங்குள்ள வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியிலும் அதே வகைச் சிலந்திகள் உயிரோடு கிடைத்தன. கால்களை விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரை வரும் இந்தச் சிலந்தி, 2013 இல் 'பொயிசிலோதீரியா ராஜாயி' என்ற பெயரில் உலகச் செய்தியானது. இந்திய இனம் ஒன்றும் இதுவும் ஒன்றே என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். பெயர் எதுவானாலும், இது முதிர்ந்த மரங்களின் பொந்தில் வாழும் பிராணி. காடு வெட்டுப்பட்டு அந்த மரங்கள் குறைந்ததால்தான் பழைய கட்டடங்களுக்குள் வருகிறது.

கடித்தால் நோகும், வீங்கும். சிலருக்குத் தசைப்பிடிப்பு வரும், அது சில நாள் கழித்துத் திரும்பவும் வரலாம். ஆகவே கடிபட்டவர் வைத்தியசாலைக்கு வரத்தான் வேண்டும். ஆனால் இது ஆளைத் தேடி வந்து கடிப்பதில்லை. தடியால் குத்தும்போது அந்தத் தடியிலேயே ஓடி ஏறி, பிடித்த கையில் கடிக்கும். அப்புறப்படுத்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளிச்சம் பிடிக்க, மற்றவர் வாய் அகன்ற வாளியை மெல்லக் கொண்டுபோய் அதன்மேல் கவிழ்க்க வேண்டும். வாளியின் விளிம்பு காலில் படக்கூடாது, பட்டால் வெருண்டு ஓடும். பிறகு கலண்டர் மட்டை போன்ற தடித்த அட்டையைச் சுவருக்கும் வாளிக்கும் இடையே செருகி, மட்டையோடு சேர்த்து எடுத்து, வளவுக்கு அப்பால் பொந்துள்ள ஒரு மரத்தடியில் வாளியைச் சரித்துவிட்டு விலகி நின்றால் போதும். பாலையோ முதிரையோ எதுவானாலும் அது தானாக ஏறிக்கொள்ளும்.

இனி அந்த வண்டைப் பார்ப்போம். இதைக் கிட்ட வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. நீளம் 7 முதல் 10 மில்லிமீற்றர். தலை கறுப்பு, கழுத்துப்பகுதி செம்மஞ்சள். முதுகின் நடுவில் நீலம் கலந்த கரும்பச்சையில் பளபளக்கும் குட்டைச் செட்டை, அதற்குப் பின்னால் மறுபடி செம்மஞ்சள், வால் நுனி கறுப்பு. முதற் பார்வைக்கு எறும்பு என்றே நினைப்பீர்கள். தொட்டால் தேளைப் போல வாலை மேலே வளைக்கும், ஆனால் கொட்டாது, கடிக்கவும் செய்யாது. அதன் உடல் நீரில் பெடரின் என்ற நஞ்சு இருக்கிறது. அதை உண்டாக்குவது வண்டுக்குள் வாழும் பக்ரீரியா. வண்டு முழுசாக நடந்து போனால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. நசுக்கினால்தான் அந்த நீர் தோலில் படும்.

வயலில் இது கமக்காரனின் பக்கம் நிற்கும் பூச்சி. நெல்லின் சாற்றை உறிஞ்சும் தத்திகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்கிறது. கால போகத்தில் மழையோடும், பிறகு அரிவு வெட்டி வயல் வெறுமையாகும்போதும் வெளிச்சம் தேடி வீடுகளுக்கு வருகிறது. குளத்தின் கீழ் வயல்கள் சூழ்ந்த குடியிருப்புகளில் ஒரே கிழமையில் ஒரே தெருவில் பலர் இதே எரிவோடு வருவதற்கு அதுதான் காரணம். அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயல்ல.

நஞ்சு பட்டவுடன் ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். அரை நாளிலிருந்து ஒன்றரை நாளுக்குள் தோல் சிவந்து எரியத் தொடங்கும். அதற்குள் வண்டை நசுக்கியது மறந்துபோயிருக்கும். விரல் எந்த வழியாகத் தேய்த்ததோ அந்த வழியாகக் கோடு இழுத்தாற்போல் சிவப்பு, அதன்மேல் சின்னச் சின்னக் கொப்புளம். முழங்கை மடிப்பில் பட்டிருந்தால், கையை மடக்கும்போது எதிர்ப்பக்கத் தோலிலும் ஒட்டி, முத்திரை குத்தினமாதிரி இரண்டு புண்கள் நேருக்கு நேர் வரும். வெளிநோயாளர் பிரிவில் இந்தச் சோடிப் புண்ணைக் கண்டாலே காரணம் பாதி தெரிந்துவிடும்.

வீட்டில் இதைப் பெரும்பாலும் அக்கி என்று நினைத்துக் காவி பூசுகிறார்கள், அல்லது பல்லி மூத்திரம் என்று சுண்ணாம்பு வைக்கிறார்கள். சுண்ணாம்பு ஏற்கனவே வெந்த தோலை மேலும் பொசுக்கும். பற்பசை, டெற்றோல், மண்ணெண்ணெய் எல்லாமே அப்படித்தான். அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், நரம்பு ஓடும் வழியில் பட்டையாக வரும். கொப்புளம் தெரிவதற்கு முன்பே அந்த இடம் நோகும். வண்டுப் புண்ணுக்கு அந்த ஒழுங்கு இல்லை. முகம், கழுத்து, கை என்று உடுப்பு மூடாத இடங்களில், கை போன திசைக்கு வரும்.

வண்டு உடம்பில் இருப்பதைக் கண்டால் ஊதிவிடுங்கள், அல்லது ஒரு காகிதத்தை நீட்டி அதில் ஏறவிட்டு வெளியே உதறுங்கள். நசுங்கிவிட்டதென்றால் உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று தரம் கழுவ வேண்டும், நசுக்கிய விரலையும் சேர்த்து. விரலைக் கழுவாமல் கண்ணைக் கசக்குவதால்தான் கண் வீங்கி மூடிக்கொண்டு வருகிறார்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடமாவது ஊற்றிக் கழுவிவிட்டு அன்றே வாருங்கள். தோல் எரிவுக்கு ஈரத் துணியை 10, 15 நிமிடம் வைத்து வைத்து எடுக்கலாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். வைத்தியர் தரும் பூச்சு மருந்தோடு பெரும்பாலும் ஒன்று இரண்டு கிழமையில் ஆறிவிடும், கறுப்புத் தழும்பு இன்னும் சில காலம் நிற்கும். அன்றைய தலையணை உறையையும் துவாயையும் தோய்த்துப் போடுங்கள். பொழுதுபடும் நேரத்தில் யன்னலைச் சாத்துவதும், கட்டிலுக்கு நேர்மேலே விளக்கு எரியவிடாமல் இருப்பதும் எந்த நாசினியை விடவும் பலன் தரும்.

காதுக்குள் பூச்சி போய்விட்டால் நடப்பது வேறு விதமான அவசரம். கரப்பான் ஒன்று செவிப்பறைக்குப் பக்கத்தில் கால் அடித்தால் அந்தச் சத்தமும் நோவும் தாங்க முடியாதவை. அதனால்தான் கொண்டை ஊசி, ஈர்க்கு, நெருப்புக்குச்சி என்று கையில் அகப்பட்டதை விடுகிறார்கள். பூச்சி செய்யாத காயத்தைக் குச்சி செய்துவிடும். செவிப்பறை கிழிந்து வருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. ரோச் லைற் அடித்தால் வெளியே வரும் என்பதும் எப்போதும் சரியல்ல. கரப்பான் வெளிச்சத்துக்கு அஞ்சி இன்னும் உள்ளே போகும்.

ஆளை இருத்தி, பூச்சி போன காது மேலே பார்க்கத் தலையைச் சரியுங்கள். பெரியவர் என்றால் காதுமடலை மேலும் பின்னுமாக, சிறு பிள்ளை என்றால் கீழும் பின்னுமாக மெல்ல இழுத்தால் துவாரம் நேராகும். உடம்புச் சூட்டளவுக்கு இளஞ்சூடாக்கிய தேங்காயெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காதை நிரப்பி, 5 முதல் 10 நிமிடம் அப்படியே வைத்திருங்கள். பூச்சி மூச்சடங்கிவிடும். நோவும் நிற்கும். எண்ணெய் குளிராக இருந்தால் தலை சுற்றும், கொதித்தால் காது வெந்துபோகும், ஆகவே முதலில் உங்கள் மணிக்கட்டில் விட்டுப் பாருங்கள். செத்த பூச்சி தானாக மிதந்து வந்தால் நல்லது, வராவிட்டால் வைத்தியசாலையில் எடுக்கலாம். முன்பு காதில் சீழ் வடிந்தவருக்கு, செவிப்பறையில் ஓட்டை உள்ளவருக்கு, காதில் சத்திரசிகிச்சை செய்தவருக்கு எதுவும் ஊற்றாமல் நேரே கூட்டிவாருங்கள்.

'அரணை கடித்தால் மரணம்' என்ற பேச்சால் எத்தனை அரணைகள் செத்திருக்கும். அரணைக்கு நஞ்சே இல்லை. பல்லி விழுந்த கறியிலும் நஞ்சு இல்லை, ஆனால் அதன் எச்சத்தில் வயிற்றோட்டக் கிருமி இருக்கக்கூடும் என்பதால் அதைக் கொட்டுவதே சரி.

மட்டத்தேள் (பூரான்) அப்படியல்ல, கடித்தால் நன்றாக நோகும். மாரியில் பொச்சுமட்டைக் குவியலிலும் விறகிலும் பாயின் கீழும் கிடக்கும். உடம்பில் ஊர்ந்தால் அமத்தாதீர்கள், அமத்தும்போதுதான் கடிக்கும். அசையாமல் இருந்து போகவிடுங்கள், முடியாவிட்டால் துணியால் ஒரே வீச்சில் தட்டிவிடுங்கள். கடிபட்ட இடத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் 20 நிமிடம் வைத்தால் நோவு நன்றாகத் தணியும். சூட்டைக் கடிபடாத மற்றக் கையால் பாருங்கள். கடிபட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாமல் பொக்களித்து வந்தவர்கள் உண்டு.

தேளில் பருமன் பார்த்து ஏமாறுகிறோம். பெரிய கறுப்பு நட்டுவக்காலியின் முன்கொடுக்கு, அதாவது பிடிக்கும் இடுக்கி, தடித்தது, வால் மெலிந்தது. அதன் கொட்டு நோவோடு போகும். முன்கொடுக்கு மெலிந்து வால் தடித்த, செம்மஞ்சள் நிறச் சின்னத் தேள்தான் கவனிக்க வேண்டியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதன் கொட்டு வாங்கி வைத்தியசாலைக்கு வந்தவர்கள் பலர். அங்கிருந்து விறகோடும் கல்லோடும் சாமான்களோடும் எங்கும் வரக்கூடியது. கொட்டுப்பட்ட பிள்ளைக்கு உடம்பு வியர்த்து, கை கால் குளிர்ந்து, சத்தி எடுத்து, நெஞ்சு படபடத்தால் அது இதயத்தைப் பிடிக்கிறது என்று அர்த்தம். மந்திரித்துப் பார்வை பார்க்கக் கொண்டுபோகும் அரை மணித்தியாலம் அந்தப் பிள்ளைக்குப் பெரிய நேரம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்சைக் கூப்பிடுங்கள். பிரசோசின் என்ற மலிவான குளிசை நேரத்துக்குக் கிடைத்தால் நிலைமை மாறும்.

இரவில் பாயில் படுத்தவர் விடியப்புறம் வயிற்றுநோவோடு எழும்பி, பூச்சி ஏதோ கடித்ததுபோல இருந்தது என்று சொன்னால் அதையும் பூச்சி என்று விட்டுவிடாதீர்கள். கண்டங்கருவளை, எட்டடி விரியன் என்று சொல்கிற பாம்பின் கடி நோகாது, தடமும் தெரியாமல் போகலாம். கண் இமை கீழே சரிகிறதா, விழுங்கக் கஷ்டமா என்று கேளுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டுப்போடாமல், கீறாமல், நடக்கவிடாமல், கை விரலில் உள்ள மோதிரத்தைக் கழற்றிவிட்டு உடனே கொண்டுவாருங்கள். எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழும்பினார் என்பதை ஒரு துண்டில் எழுதி வாருங்கள். நுளம்பு வலையின் நான்கு பக்கத்தையும் பாயின் அடியில் செருகிவிட்டுப் படுக்கிற வீட்டில் இந்தக் கடி மிகக் குறைவு.