படத்தை வைக்க இடமில்லாத பெட்டி

இன்று நம் கையில் இருக்கும் திரையில் ஒரு படம் தெரிகிறது என்றால், அது முழுவதும் முதலில் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். திரை அதைப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். 1977 செப்டம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அட்டாரி வி.சி.எஸ். என்ற, டிவியோடு இணைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டிக்கு, அதாவது பின்னாளில் அட்டாரி 2600 என்று பெயர் மாறிய பெட்டிக்கு, அந்தக் கொடுப்பினை இல்லை.

அதன் நினைவகம் 128 பைட். கிலோபைட் இல்லை, வெறும் பைட். இன்று இணையத்தில் பரவலாக உள்ள யூ.டி.எஃப்-8 என்ற யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும். இந்த இரண்டு வாக்கியங்களும் சேர்ந்தாலே அதில் அடங்காது. அதன் திரையோ 160 புள்ளி அகலம், 192 வரி உயரம். ஒவ்வொரு புள்ளியும் எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்று மட்டும் குறித்து வைக்கவே 3,840 பைட் வேண்டும், இருப்பதைப்போல 30 மடங்கு. நினைவகம் யானை விலை விற்ற காலம் அது.

சரி, படம் எப்படி வந்தது? பழைய குழாய் டிவியில் ஓர் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, நொடிக்கு 60 முறை திரையைத் தடவிக்கொண்டே போகும். ஜே மைனரும் ஜோ டெக்யூரும் வடிவமைத்த டி.ஐ.ஏ. என்ற, பெட்டியில் படம் காட்டும் சிப்புக்கு முழுத்திரை என்ற ஒன்றே தெரியாது. தெரிந்ததெல்லாம் இப்போது போய்க்கொண்டிருக்கும் ஒரு வரிதான். அந்த வரியில் இரண்டு உருவங்கள், இரண்டு குண்டுகள், ஒரு பந்து, பின்னணிச் சுவர் ஆகியவற்றைக் காட்டும். அடுத்த வரியில் வேறு ஏதாவது தெரிய வேண்டுமானால், கற்றை அங்கே போவதற்குள் நிரல் புது விவரத்தைச் சிப்பில் எழுதிவிட வேண்டும்.

ஒரு வரிக்குச் செயலிக்குக் கிடைப்பது அதன் கடிகாரத்தின் 76 துடிப்புகள். மிகச் சிறிய கட்டளைக்கே 2 துடிப்பு போய்விடும். ஆக, என்ன தலைகீழாக நின்றாலும் வரிக்கு 38 கட்டளைக்கு மேல் ஓடாது. அதனால் எழுதுபவர்கள் ஒவ்வொரு கட்டளைக்கும் விரல்விட்டுத் துடிப்பு எண்ணினார்கள். ஆட்டத்தின் கணக்கு வழக்கெல்லாம் எப்போது? மொத்தம் 262 வரிகளில் படம் விழாத 70 வரி நேரம் இருக்கிறதே, அப்போதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது இடம் குறிக்கும் முறை. உருவத்தை 80-வது புள்ளியில் வை என்று சொல்ல வழியே இல்லை. கற்றை அந்த இடத்தைக் கடக்கும் நொடியில் சிப்பைத் தட்ட வேண்டும். தட்டிய இடத்தில் உருவம் நிற்கும். ஒரு துடிப்புக்குள் கற்றை 3 புள்ளி ஓடிவிடும் என்பதால், கடைசியில் சில புள்ளிகள் இப்படி அப்படி நகர்த்தத் தனி ஏற்பாடு உண்டு. இடத்தை நேரத்தால் அளப்பது என்றால் இதுதான்.

இரண்டு உருவம் என்ற கணக்கு, பெட்டியோடு கொடுத்த காம்பாட் என்ற டாங்கிச் சண்டைக்குக் கச்சிதம். ஆனால் 1980-இல் வேற்றுக்கிரகத்தாரைச் சுடும் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தைக் கொண்டுவந்தபோது ஒரு வரிசைக்கு எத்தனையோ வேற்றுக்கிரகத்தார் வேண்டியிருந்தது. ஓர் உருவத்தை அதே வரியில் மூன்று பிரதியாகக் காட்டும் வசதி சிப்பில் இருந்தது. இரண்டு உருவம், மும்மூன்று பிரதி: வரிசைக்கு 6 பேர். 6 வரிசையில் 36 பேர். கடைகளில் காசு போட்டு ஆடிய மூல இயந்திரத்தில் 55 பேர். வீட்டில் ஆடியவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1982-இல் வந்த பேக்-மேன் ஆட்டத்தில் சமாளிப்பு எடுபடவில்லை. நான்கு பேய்கள் தனித்தனியாக அலைய வேண்டும், நாயகன் பேக்-மேனுக்கு ஒன்று போக அவற்றுக்கு மிச்சமிருந்ததோ ஒரே உருவம். அதனால் ஒரு சட்டகத்தில், அதாவது கற்றை ஒருமுறை திரையைத் தடவும்போது, ஒரு பேய், அடுத்ததில் அடுத்தது என்று முறை வைத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு பேயும் நொடிக்கு 15 முறைதான் திரையில் இருந்தது, அதனால் மினுக்மினுக்கென்று அடித்தது. வாங்கியவர்கள் திட்டினார்கள். பேய் என்றால் அப்படித்தானே இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.