டெல்லி டிக்கெட்டில் நாக்பூரில் இறங்கலாம்: குழந்தைகளோடு போகிறவர்களுக்கு 'பிரேக் ஜர்னி' விதி

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போனாலே சுமார் 33 மணி நேரம். பெரியவர்கள் படுத்தும் எழுந்தும் எப்படியோ ஓட்டிவிடுவோம். மூன்று வயதிலும் ஆறு வயதிலும் பிள்ளைகள் கூட இருந்தால் மறுநாள் சாயங்காலத்துக்குள் கொண்டுவந்த விளையாட்டு, கதை, முறுக்கு எல்லாம் தீர்ந்துபோய் அடுத்த பெர்த்துக்காரர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாகிவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு ரயில்வேயில் ரொம்ப நாளாகவே ஒரு விதி இருக்கிறது, கேட்டு வாங்குகிறவர்கள்தான் குறைவு. அதன் பெயர் பிரேக் ஜர்னி.

விதி இதுதான். 500 கிலோமீட்டருக்கு மேல் போகும் டிக்கெட்டாக இருந்தால் வழியில் ஒரு ஊரில் இறங்கித் தங்கிவிட்டு, அதே டிக்கெட்டில் மீதித் தூரத்தைத் தொடரலாம். டிக்கெட் 1,000 கிலோமீட்டர் வரை என்றால் ஒரு முறை, அதற்கு மேல் என்றால் இரண்டு முறை. தங்குவது ஒரு ஊரில் இரண்டு நாள் வரை, இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் வராது. அதாவது வெள்ளிக்கிழமை இறங்கினால் சனி, ஞாயிறு முழுசாக இருந்துவிட்டுத் திங்களன்று ஏறலாம்.

பலர் கோட்டைவிடுவது இன்னொரு நிபந்தனையில். முதல் முறை இறங்குவதற்கு முன் கிளம்பிய இடத்திலிருந்து 500 கிலோமீட்டர் கடந்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து விஜயவாடா சுமார் 430 கிலோமீட்டர்தான், அங்கே இறங்க முடியாது. வாரங்கல் 640 வாக்கில் வருகிறது, அங்கே முடியும். என்னைக் கேட்டால் டெல்லி வழியில் நாக்பூர்தான் சரியான இடம், பாதித் தூரம், இரவு சென்னையில் ஏறினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், மறுநாள் பிற்பகல் இறங்கிவிடலாம், அவர்கள் ரகளையைத் தொடங்கும் நேரத்துக்கு நாம் ரயிலிலேயே இருக்க மாட்டோம்.

இறங்கியதும் ஸ்டேஷன் மாஸ்டரிடமோ டிக்கெட் பரிசோதகரிடமோ டிக்கெட்டைக் கொடுத்து ஸ்டேஷன் குறியீடு, தேதி, கையெழுத்து மூன்றையும் போட்டு வாங்க வேண்டும். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இதற்காக அலைவது எரிச்சல்தான், ஆனால் இது இல்லாமல் திரும்ப ஏறினால் டிக்கெட் இல்லாத பயணி என்றே எடுத்துக்கொள்வார்கள். ராஜதானி, சதாப்தி, ஜன் சதாப்தி ரயில்களில் பிரேக் ஜர்னியே கிடையாது. ஒரு ரயிலிலிருந்து இறங்கி 24 மணி நேரத்துக்குள் அடுத்த இணைப்பு ரயிலைப் பிடிப்பது இந்தக் கணக்கில் சேராது, அது வெறும் ரயில் மாறுவது.

சரி, பெர்த்? சென்னையில் கிடைத்த பெர்த் அந்த ரயிலுக்கும் அந்தத் தேதிக்கும் மட்டும்தான், இரண்டு நாள் கழித்து வேறு ரயிலில் ஏறும்போது அது கூட வராது. அதனால் முன்பதிவு கவுண்டரில் படிவம் கொடுக்கும்போதே எந்த ஊரில் இறங்குகிறோம், அங்கிருந்து என்றைக்கு எந்த ரயில் என்று சொல்லி, இரண்டு பகுதிக்கும் தனித்தனியாக இடம் போட்டு வாங்க வேண்டும். டிக்கெட் மட்டும் கையில் இருக்கிறது, பெர்த் இல்லை என்ற நிலையில் குழந்தைகளோடு நாக்பூரில் நிற்பது பிரேக் ஜர்னி அல்ல, தண்டனை.

கவுண்டருக்குப் போக நேரமில்லாதவர்கள் இணையத்தில் இரண்டு டிக்கெட்டாகவே எடுத்துவிடுகிறார்கள். செலவு கொஞ்சம் கூடும், ஏனென்றால் தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே போகும், நடுவில் வெட்டினால் அந்த லாபம் போய்விடும். ஆக்ரா மாதிரி டெல்லிக்குப் பக்கத்தில் வெட்டினால் இன்னும் மோசம், தூரம் 200 கிலோமீட்டருக்குள்தான், மூன்றாம் வகுப்பு ஏசியில் குறைந்தபட்சம் 300 கிலோமீட்டருக்குக் கட்டணம் வாங்குவார்கள். ஆனாலும் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான் இரண்டு டிக்கெட் பக்கம்தான், காரணம் அரை டிக்கெட் விதி. 5 வயதுக்குள் இருந்தால் தனி பெர்த் கேட்காதவரை கட்டணமே இல்லை. 5 முதல் 12 வயதுக்குள் என்றால் பெர்த் வேண்டாம் என்று சொன்னால் பாதிக் கட்டணம், பெர்த் வேண்டுமென்றால் 2016 ஏப்ரலிலிருந்து முழுக் கட்டணம். டிக்கெட் தனித்தனியாக இருந்தால் இரவுப் பயணத்துக்கு ஆறு வயதுப் பிள்ளைக்கு பெர்த் எடுத்துவிட்டு, பகல் பயணத்துக்குப் பாதிக் கட்டணத்தில் நம் இருக்கையிலேயே உட்கார வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேர் காரில் (உட்கார்ந்தே போகும் ஏசி பெட்டி) இந்தப் பாதிக் கட்டணம் கிடையாது.

தங்காமல் சில மணி நேரத்தில் அடுத்த ரயிலைப் பிடிக்கிற திட்டம் என்றால் இரண்டு டிக்கெட்டின் பிஎன்ஆரையும் (டிக்கெட்டில் இருக்கும் பத்து இலக்கப் பதிவு எண்) இணைத்து வையுங்கள், 2019 ஏப்ரலிலிருந்து இந்த வசதி இருக்கிறது. முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது தவறிப்போனால், அந்த இரண்டாவது டிக்கெட்டின் பணம் ரத்துக் கட்டணம் பிடிக்காமல் திரும்ப வரும். முதல் ரயில் வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் கேட்டுவிட வேண்டும்.

தங்குவதற்கு ஸ்டேஷனிலேயே ரிடயரிங் ரூம் இருக்கும் ஊரைத் தேர்ந்தெடுங்கள். பெர்த் உறுதியான அல்லது ஆர்ஏசி (உட்கார இடம் மட்டும் உறுதியான) பிஎன்ஆரைப் போட்டு ஐஆர்சிடிசி தளத்தில் பதிவு செய்யலாம், அந்த டிக்கெட் தொடங்கும் ஊரிலோ முடியும் ஊரிலோதான் அறை கிடைக்கும், நாக்பூரில் முடிகிற தனி டிக்கெட் இங்கேயும் கைகொடுக்கிறது. பெரிய ஊர்களில் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் டிக்கெட் எடுத்த கையோடு பார்த்துவிடுவது நல்லது. அறை கிடைக்காமல் பகலில் ஊர் சுற்றத்தான் போகிறீர்கள் என்றால் பெட்டிகளை கிளாக் ரூமில் கொடுக்கலாம், டிக்கெட்டைக் காட்ட வேண்டும், பூட்டுப் போடாத பையை வாங்க மாட்டார்கள். பால் புட்டியும் மாற்றுத் துணியும் இருக்கிற பையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைப் பூட்டிக் கொடுத்துவிடுங்கள்.