தக்கைத் தூண்டிலுக்கு ராடும் நரம்பும்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கோடை தொடங்கிவிட்டால் என் பழுதுபார்க்கும் மேசைக்கு ஒரே மாதிரியான புகார் வரும். "மீன் கடிக்குது, பாதி தூரம் வருது, அப்புறம் கழன்று போயிடுது. முள்ளை மாத்தியும் பார்த்தாச்சு." ராடை, அதாவது தூண்டில் கம்பை, வாங்கிப் பார்த்தால் ஆறடி நீளம், முனை வரை விறைப்பு. நரம்பு சுற்றும் ரீலில் 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு, அதாவது இழைகளைப் பின்னிய நரம்பு. வார இறுதியில் ஹூஸ்டனிலிருந்து கால்வெஸ்டன் விரிகுடாவுக்கு வரும் நம்மவர்கள் பலரிடமும் இதைத்தான் பார்க்கிறேன். பெரிய மீனுக்குப் பலமான சாமான் வேண்டும் என்று நம்பி வாங்கியிருப்பார்கள். குற்றம் முள்ளில் இல்லை, இவர்கள் போடும் பாப்பிங் கார்க் தூண்டிலுக்கு அந்த ராடும் நரம்பும் பொருந்தவில்லை.

பாப்பிங் கார்க் என்பது மேல்பக்கம் குழிந்த ஒரு தக்கை. நடுவில் கம்பி, கம்பியில் மணிகள். அதற்குக் கீழே ஒன்றரை அடியிலிருந்து மூன்றடி வரை ஃப்ளூரோகார்பன் என்ற பிளாஸ்டிக் நரம்பு, அதன் நுனியில் உயிர் இறால் அல்லது ஜிக் முள்ளில் (தலையில் எடை வைத்த முள்) மாட்டிய பிளாஸ்டிக் இறால். ராடு முனையால் வெட்டி இழுத்தால் தக்கை 'டொப்' என்று தண்ணீரை அறையும், மணிகள் கிலுங்கும். இங்கே ஏதோ இரை மேய்கிறது என்று பக்கத்து மீன் வந்து பார்க்கும். கலங்கல் தண்ணீரில் நன்றாகவே எடுபடும். இரை சிப்பித் திட்டில் சிக்காமல் மேலேயே தொங்குவதும் ஒரு வசதி.

இதில் மாட்டுவது பெரும்பாலும் ஸ்பெக்கிள்ட் ட்ரவுட்டும் ரெட்ஃபிஷ்ஷும். பெயர்தான் ட்ரவுட், இரண்டுமே நம் ஊர்க் கத்தாளை மீனின் குடும்பம். ட்ரவுட்டின் வாய் மிக மெல்லிய தோல். முள் குத்திய துளை ஒவ்வொரு இழுப்புக்கும் கிழிந்து அகலும். பிரெய்டு நரம்பு நீளாது. ராடும் வளையாவிட்டால் மீன் தலையை உதறும் வேகம் முழுவதும் அந்தத் துளையில்தான் இறங்கும். நரம்பு விட்டுக்கொடுக்காதபோது ராடுதான் விட்டுக்கொடுக்க வேண்டும். டெக்சஸில் ஒருவர் ஒரு நாளைக்கு 3 ட்ரவுட்தான் வைத்துக்கொள்ளலாம், அளவும் 15 முதல் 20 அங்குலத்துக்குள். அதனால் பிடிக்கும் மீனில் பாதிக்கு மேல் திரும்பத் தண்ணீருக்குள் விட வேண்டியதுதான். வாய் கிழிந்த மீனை விடுவதற்கு எனக்கு மனசு வராது.

சரி, எதை வாங்குவது? ஏழு அல்லது ஏழரை அடி, 'மீடியம்' பலம், 'ஃபாஸ்ட்' (நுனிப் பக்கம் மட்டும் வளைவது) அல்லது 'மாடரேட் ஃபாஸ்ட்' (இன்னும் கொஞ்சம் கீழே வரை வளைவது) முனை. ரீல் 3000 அளவு போதும். நீளம் ஏன் என்றால், தக்கைக்கும் ராடு முனைக்கும் நடுவே நரம்பு எப்போதும் தொய்ந்துதான் கிடக்கும். தக்கை முங்கியதும் ஒரே வீச்சில் அந்தத் தொய்வை எடுத்தால்தான் முள் ஏறும். குட்டை ராடு பாதித் தொய்வோடு நின்றுவிடும். கைப்பிடிக்கு மேலே எத்தனை அவுன்ஸ் எறியலாம் என்று அச்சிட்டிருப்பார்கள், அதையும் படியுங்கள். தக்கையையும் ஜிக்கையும் சேர்த்துச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் இன்னும் நல்லது.

நரம்பில் 15 அல்லது 20 பவுண்டு பிரெய்டு போதும். அது மிதக்கும், அதனால் தக்கையை அறைவது சுலபம். ஃப்ளூரோகார்பன் மூழ்கும், தக்கைக்குக் கீழே மட்டும்தான் அதற்கு வேலை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் சாதாரண மோனோ நரம்பையே, நம் ஊர் தங்கூசியைத்தான், கொடுப்பேன். அது கொஞ்சம் நீளும், தக்கைக் கம்பியில் அவ்வளவாகச் சுற்றிக்கொள்ளாது. பிரெய்டுதான் வேண்டும் என்றால் ரீலில் முதல் சில சுற்று மோனோ சுற்றுங்கள், இல்லாவிட்டால் பிரெய்டு மொத்தமாக வழுக்கிச் சுழலும்.

அடிக்கடி பார்க்கும் பழுது ஒன்று. மீன் படகருகே வந்ததும், ராடு நுனியில் நரம்பு நுழையும் வளையத்தில் தக்கை இடிக்கும் வரை சுற்றிவிடுகிறார்கள். மீனோ இன்னும் இரண்டு மூன்றடி கீழே தொங்கும். அந்த இடியில் வளையத்துக்குள் இருக்கும் பீங்கானில் மயிரிழை அளவு விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு எறிதலிலும் நரம்பைச் சுரண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியை வளையத்துக்குள் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் முனையை மாற்றியே ஆக வேண்டும்.

சிப்பியில் சிக்கிய பிரெய்டை விரலில் சுற்றி இழுக்கவே கூடாது, சதையை அறுத்துவிடும். இடுக்கியின் கைப்பிடியில் சுற்றி இழுங்கள். இடி கேட்டால் ராடைக் கீழே போட்டுவிட்டு உடனே கரைக்குப் போய்விடுங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும்.

பழைய நரம்பு பெலிக்கன் காலில் சுற்றினால் பறவை பட்டினியில் சாகும். படகுத்துறைகளில் நரம்பு போட வைத்திருக்கும் குழாய்கள் மோனோவுக்கு மட்டும்தான், பிரெய்டை மறுசுழற்சி செய்ய மாட்டார்கள். அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள். நறுக்க நேரம் இல்லை என்றால் அப்படியே என் மேசைக்குக் கொண்டு வாருங்கள், கத்தரிக்கோலோடு நான் இருக்கிறேன்.