எலுமிச்சை டம்ளரில் வேண்டாம், தட்டில் பிழியுங்கள்

தருமபுரியில் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருபவர்களிடம் முதலில் கேட்பது, காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை வாய்க்குள் போவது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லுங்கள் என்பதுதான். பலருடைய வரிசை வெந்நீரில் பிழிந்த எலுமிச்சையில் தொடங்குகிறது. ஒரு கரண்டி தேனும் உண்டு. கொழுப்பு கரையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிறகு மதியத்துக்கு வருவார்கள்: கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், இல்லையென்றால் சோறும் புளிக்குழம்பும். சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு டீ. எலுமிச்சை உருப்படியாக ஒரு வேலை செய்யக்கூடிய இடம் அந்த மதியத் தட்டுதான். அங்கே மட்டும் அது இருப்பதில்லை.

வெந்நீர் எலுமிச்சை கொழுப்பைக் கரைப்பதில்லை. அதைக் குடித்து எடை குறைந்ததாகச் சொல்பவர்களுக்கு, பெரும்பாலும் அதே நேரத்தில் குடித்துவந்த சர்க்கரை போட்ட காபியோ, அதோடு சேர்த்துக் கடித்த பிஸ்கட்டோ நின்றுபோயிருக்கும். குறைந்தது அதனால். தேனும் சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறத்தாழ 60 கலோரி இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதை மருந்து என்று நினைத்துக் குடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்கூட வருகிறது, அவர்கள் மேல் அல்ல, சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்.

இனி தட்டுக்கு வருவோம். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், ஹீமோகுளோபின் 9 என்று எழுதிய பரிசோதனைச் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "தினமும் களியும் கீரையும்தானே சாப்பிடுகிறேன் மேடம், அப்புறம் எப்படி எனக்கு இரத்தம் குறையும்?" நியாயமான கேள்வி. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது. கீரை தெரியாத பெண்களா இவர்கள்?

சிக்கல் தட்டில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதில் மட்டும் இல்லை. 100 கிராம் கேழ்வரகு மாவில் நான்கரை மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது. ஆனால் தானியம், பயறு, கீரை ஆகியவற்றில் உள்ள இரும்பு எளிதில் உடலில் சேரும் வகை அல்ல. பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே நல்லது என்ற நிலைதான். கேழ்வரகிலும் பயறுகளிலும் உள்ள ஃபைட்டேட், துவர்ப்புப் பொருள்கள் ஆகியவை இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சாப்பிட்ட உடனே குடிக்கும் டீ, தன் பங்குக்கு மீதியையும் கட்டிப்போடுகிறது. பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் கூறியிருக்கிறது. அளவு இவ்வளவு பெரிதாக இருப்பதற்கே காரணம், நம் சாப்பாட்டிலிருந்து சேர்வது சொற்பம் என்பதுதான்.

வைட்டமின் சி இந்த இடத்தில் உதவுகிறது. அது இரும்பை ஃபெரிக் வடிவத்திலிருந்து ஃபெரஸ் வடிவத்துக்கு மாற்றுகிறது. குடல் உறிஞ்சுவது ஃபெரஸ் வடிவத்தைத்தான். கூடவே ஃபைட்டேட்டின் பிடியையும் தளர்த்துகிறது. ஆனால் இரண்டும் ஒரே வேளையில் வயிற்றுக்குள் இருக்க வேண்டும். காலை ஆறு மணிக்குக் குடித்த எலுமிச்சைச் சாறு, மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடும் கீரைக்கு எதுவும் செய்யாது.

எலுமிச்சையை நான் அளவுக்கு மீறிப் புகழவும் விரும்பவில்லை. 100 மில்லி சாற்றில் 45 முதல் 50 மில்லிகிராம் வரைதான் வைட்டமின் சி. நடுத்தரப் பழம் ஒன்றைப் பிழிந்தால் 25, 30 மில்லி சாறு வரும். ஆகவே ஒரு முழுப் பழம் கொடுப்பது 12, 14 மில்லிகிராம். கொய்யாப்பழத்தில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, நெல்லிக்காயில் அதைவிடவும் அதிகம். பிறகு ஏன் எலுமிச்சை? அது சாப்பாட்டுக்கு உள்ளேயே போகிறது, அதனால்தான். கொய்யாவைத் தனியாக நினைவு வைத்து வாங்கி, நறுக்கிச் சாப்பிட வேண்டும். எலுமிச்சையைக் கடைசலின் மேல் பிழிந்துவிட்டால் வேலை முடிந்தது. கூடப் பச்சை வெங்காயம், கொத்தமல்லித் தழை, ஒரு தக்காளித் துண்டு என்று சேர்ந்தால் அளவும் கூடிவிடுகிறது.

ஒரே ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி, ஆவி அடங்கிய பிறகு பிழியுங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் புளிப்பு நிற்கும், வைட்டமின் சி-யில் ஒரு பங்கு போய்விடும். ருசிக்கும் இதுதான் நல்லது. கொதித்த எலுமிச்சை கசக்கும். பிழியும்போது விதை நசுங்கினாலும், தோலைப் போட்டுக் கசக்கிப் பிழிந்தாலும் கசக்கும். பிழிந்த சாற்றை நாள் கணக்கில் பாட்டிலில் வைத்துப் புழங்குவதிலும் பயன் இல்லை.

கீரைக் கடைசலிலிருந்தே தொடங்கலாம். அரைக்கீரை, தண்டுக்கீரை, முருங்கைக்கீரை எதுவானாலும் சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் போட்டு வேக வைத்துக் கடைந்து இறக்கி, இரண்டு பேருக்கு ஒரு பழம் என்று பிழிந்தால் போதும். முருங்கைக்கீரையில் கடைசியில் நாக்கில் நிற்கும் அந்த லேசான கசப்பை எலுமிச்சை அடக்கிவிடும். கீரை வேண்டாம் என்று தட்டைத் தள்ளும் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன். புளிச்சக் கீரைக்கு இது தேவையில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. களியைக் குழம்பில் தோய்த்து விழுங்குபவர்கள், நறுக்கிய பச்சை வெங்காயத்தில் எலுமிச்சையும் துளி உப்பும் பிசிறிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கொள்ளை ஊறவைத்து வேக வைத்தால் ஒரு வேலையில் இரண்டு பண்டம். வெந்த பயறைச் சுண்டலாகத் தாளித்து, இறக்கி, எலுமிச்சை பிழிந்து, தேங்காய்த் துருவல் தூவலாம். வடித்த தண்ணீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு ரசம் வைத்து, புளிக்குப் பதிலாகக் கடைசியில் எலுமிச்சை. பாலக்கோடு, ராயக்கோட்டைச் சந்தைகளில் தக்காளி விலை சரியும் நாட்களில் அந்த ரசத்தில் இரண்டு பழுத்த தக்காளியைக் கரைத்துவிட்டால் அதற்கு மேல் எதுவும் வேண்டாம். விளைவித்தவருக்கு அந்த விலை கட்டுகிறதா என்பது வேறு கதை, அதை இங்கே தொடங்கினால் முடியாது.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசும் வீடுகளில் செய்யும் கோசம்பரி எனக்கு மிகவும் பிடித்த தொடுகறி. பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, பொடியாக நறுக்கிய வெள்ளரி, துருவிய கேரட், தேங்காய், கொத்தமல்லி சேர்த்து, கடுகும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டி, எலுமிச்சை பிழிய வேண்டும். அடுப்பில் தாளிப்பு மட்டும்தான். உப்பை இலையில் பரிமாறும் முன் போட வேண்டும். முன்னதாகப் போட்டால் வெள்ளரி நீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும். நாம் இதை ஸ்ரீராமநவமிக்கும் விருந்துக்கும் மட்டும் ஒதுக்கி வைத்திருப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. வெயில் நாளில் மதியச் சோற்றோடு ஒரு கிண்ணம் இருந்தால் பொரியல்கூட வேண்டியதில்லை.

அதே பகுதியில் சித்ரான்னம் என்று சொல்லும் எலுமிச்சைச் சோறு, தொழிற்பேட்டைகளுக்கு முறைமாற்றி வேலைக்குப் போகும் இளைஞர்களின் டிபன் பாக்ஸில் அதிகம் பார்க்கிறேன். செய்ய எளிது, குழம்பு தேவையில்லை, சிந்தாது. ஆனால் பெரும்பாலும் அது எண்ணெயும் வெள்ளைச் சோறும் மட்டும்தான், கூட ஒரு பொட்டலம் சிப்ஸ். ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, ஊறிய பாசிப்பருப்பு, துருவிய கேரட் சேர்த்தால் அதே சோறு ஓரளவு உணவாகிறது. பக்கத்தில் அவித்த முட்டை இருந்தால் இன்னும் நல்லது. அரிசிக்குப் பதில் சாமையில் செய்து பாருங்கள். அரூர் அருகே சித்தேரி மலையில் விளைவது நம் ஊருக்கு வரும்போது வெளியூர்ச் சாப்பாடு என்று சொல்ல முடியாது. சாமையை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு என்று தண்ணீர் வைத்து, குழையாமல் வேக வைத்துத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட வேண்டும். கடுகு, கடலைப்பருப்பு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள் தாளித்து அடுப்பை அணைத்த பிறகு சாற்றை ஊற்றிக் கிளறுங்கள். நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி நான்கு பேருக்குத் தாராளம்.

முந்தைய நாள் இரவு மிஞ்சி, மூடி வைத்த வெறும் சோற்றைக் காலையில் எலுமிச்சைச் சோறாக்கிப் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இரவெல்லாம் வெளியில் இருந்த சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது, எலுமிச்சை பிழிந்தாலும் போகாது. மிஞ்சினால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், இல்லையென்றால் அன்றன்று வடியுங்கள். பாத்திரமும் முக்கியம். ஈயம் பூசாத பித்தளையிலும் அலுமினியத்திலும் எலுமிச்சை சேர்ந்த உணவை வைத்தால் உலோகம் அதில் இறங்கும். எவர்சில்வர் போதும்.

உப்பைக் குறைக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் இரத்த அழுத்தக்காரர்களுக்கும் எலுமிச்சை நல்ல துணை. புளிப்பு முன்னால் நிற்கும்போது உப்புக் குறைவு நாக்குக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆனால் அவர்கள் எலுமிச்சை என்றதும் ஊறுகாயை நினைத்துக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு மொத்தமாக 5 கிராமுக்குக் குறைவான உப்பு, ஒரு தேக்கரண்டி அளவு. ஊறுகாய் அதில் பெரும்பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும்.

புளியை ஒதுக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். புளியில் வைட்டமின் சி மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் நம் மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அளவு மீறினால் அது பல்லையும் எலும்பையும் பாதிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வரத் தொடங்கிய பிறகும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். புளி சேர்த்துச் சாப்பிட்ட சிறுவர்களின் சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறியதை ஹைதராபாத் தேசிய உணவூட்ட நிறுவன ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே குழம்பு புளியில் இருக்கட்டும், ரசத்திலும் கீரையிலும் எலுமிச்சை வரட்டும்.

ஃபுளோரைடால் பல்லில் பழுப்புக் கறை படிந்தவர்கள், அதைப் போக்க எலுமிச்சையையும் உப்பையும் தேய்ப்பதை நான் அடிக்கடி கேள்விப்படுகிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். கறை எனாமலுக்கு உள்ளே இருக்கிறது, மேலே இல்லை. எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மை பி.எச். அளவில் 2-க்கும் 3-க்கும் இடையில், 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும். ஏற்கெனவே பலவீனமான பல்லை அரித்துவிட்டுக் கூச்சத்தோடு பல் மருத்துவரிடம் போக நேரும். எலுமிச்சை சாப்பிட்ட பிறகு வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள், அரை மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள்.

நெஞ்செரிச்சல், வயிற்றுப் புண் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் எலுமிச்சையைத் தொடவே வேண்டாம், சாப்பாட்டோடு ஒத்துக்கொள்கிறதா என்று கொஞ்சமாகப் பார்க்கலாம். சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பாலிலோ டீயிலோ விழுங்காமல் எலுமிச்சை கலந்த தண்ணீரில் விழுங்கலாம். டீ வேண்டுமென்றால் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சை மாத்திரைக்கு மாற்று இல்லை. மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, வெறுங்காலில் நடப்பதால் ஏறும் கொக்கிப்புழு என்று இரத்தசோகைக்கு வேறு காரணங்களும் உண்டு. பென்னாகரத்துப் பெண்ணை முதலில் அரசு மருத்துவமனைக்குத்தான் அனுப்பினேன், சமையல் குறிப்பு பிறகு.

கோடையில் எலுமிச்சை விலை ஏறிவிடும். 2022 ஏப்ரலில் நாடு முழுவதும் ஏறிய விலை பலருக்கு நினைவிருக்கும். அப்போது இதற்காகச் செலவழிக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கிருஷ்ணகிரித் தோப்புகளில் மாங்காய் வந்துவிடும். துருவிய மாங்காயைக் கோசம்பரியில் எலுமிச்சைக்குப் பதில் போடலாம். கொய்யா மலிவாகக் கிடைக்கும் மாதங்களில் மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம் போதும், பிழிய வேண்டிய வேலையும் இல்லை.